உப்புப் பொட்டலம் வைத்த டார்ச்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின கடைசித் தெரு, அதில் கடைசி வீடு எங்களுடையது. பின்வாசலைத் திறந்தால் உப்புப் பாத்திகள்தான். அதற்கு அப்பால் ஓர் ஓடை, ஓடைக்கு அப்பால் மறுபடி பாத்திகள், அதன் நடுவே ஒரு கீற்றுக் கொட்டகை. அரை கிலோமீட்டர் தூரம் இருக்கும். நடுவில் மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. கொட்டகையில் துணி காயப்போட்டால் என்ன கலர் என்று என் வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பட்ட அவமானம் உங்களுக்குச் சரியாகப் புரியாது. எங்கள் தெருவில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். காய்ச்சல் மாத்திரை, கயிறு, கோணி ஊசி, எதுவாக இருந்தாலும் வைத்த இடத்தில் இருக்கும், எடுத்தால் வேலை செய்யும். இதை யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். யாரையும் எதிர்பார்க்காமல் வீட்டை நடத்துகிறேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. இப்போதும் இருக்கிறது, கொஞ்சம் இளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகையில் காவலுக்கு இருப்பவர் என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி. பிறவியிலிருந்தே அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கண் இருக்கிறதே, அப்பா! தூரத்தில் வருகிறவரின் நடையைப் பார்த்தே ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் உப்பள முதலாளி அவரைக் காவலுக்கு வைத்திருந்தார். மழைக்காலத்தில் உப்பு வாரும் வேலை நின்றுவிடும். ஆனால் விற்காமல் கிடக்கும் உப்பைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். அந்தத் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அவரைக் கூப்பிட நாங்கள் டார்ச் லைட்டைத்தான் வைத்திருந்தோம். மாலையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் கொட்டகை வாசலில் எங்கள் வீட்டைப் பார்த்தபடி உட்காருவார். இரண்டு பீடி பிடிக்கிற நேரம் உட்கார்ந்திருப்பார். நான் பின்வாசலில் நின்று மூன்று தடவை வெளிச்சம் காட்டினால், வீட்டுக்கு வா என்று அர்த்தம். அவர் தன்னிடம் இருக்கிற டார்ச்சால் ஒரு தடவை திருப்பிக் காட்டுவார், வருகிறேன் என்று. வெளிச்சம் காட்டாவிட்டால், இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, நீ அங்கேயே இரு என்று அர்த்தம். அவரும் போய்ப் படுத்துவிடுவார். இந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான். தேவைப்பட்டால் மட்டும் டார்ச் அடிப்போம், பேட்டரி மிச்சம் என்று அப்போது பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அவருக்கும் ஒரு நல்ல போன் வந்தது. சட்டைப் பையில் அது அதிர்ந்தால் எடுப்பார், வீடியோவில் கையாலேயே பேசிக்கொள்வோம். டார்ச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. புயல் மழை என்றால் உதவும் என்று அதைத் துடைத்து, மூன்று கட்டை பேட்டரியும் புதிதாகப் போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினேன். ஆபத்துக்கு எடுத்தால் அந்த நிமிஷமே எரிய வேண்டும், பேட்டரியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

இத்தோடு விட்டிருக்கலாம். புதுப் பை, புதுச் செருப்பு வாங்கினால் உள்ளே மணிமணியாக ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, ஈரத்தை இழுக்கிறதற்காக? அதைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. உப்பைவிட ஈரத்தை இழுக்கிற பொருள் வேறு என்ன இருக்கிறது? இருபது வருடம் உப்பு வாரின கை இது. பாத்தியிலிருந்து எடுத்த உப்பில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து, டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். தெருவில் நாலு பேரிடம் இந்த யோசனையைச் சொல்லியும் கொடுத்தேன்.

என் கொழுந்தனார் ஒரு நாள் அந்த டின்னைத் திறந்து பார்த்தார். முடிச்சைக் கையில் எடுத்தார். உள்ளங்கையை இறுக்கிப் பிழிந்து, விரல்களைக் கீழே உதறிக் காட்டினார். தண்ணி சொட்டும் என்கிறார், எனக்கு நன்றாகவே புரிந்தது. மழைக்காலத்தில் உப்புக் குவியல் வேர்த்து ஒழுகுவதைப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிற மனிதர். நானும்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும், எனக்கா சொல்லித்தருகிறாய் என்று அவர் கையிலிருந்து முடிச்சை வாங்கித் திரும்ப உள்ளேயே வைத்து மூடினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், என்னோடு உப்பளத்தில் வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். நானும் அவளும் ஒரே நாளில், பஜாரில் ஒரே கடையில், ஒரே மாதிரி மூணு கட்டை டார்ச் வாங்கினோம். அவள் என்ன செய்வாள் என்றால், வேலை முடிந்ததும் பேட்டரியை எல்லாம் வெளியே எடுத்துவிடுவாள். காகிதத்தில் தனித்தனியாகச் சுருட்டி, மூடி இறுகின டப்பாவில் போட்டு, டார்ச்சை வெறுமனே ஆணியில் மாட்டிவிடுவாள். உள்ளேயே கிடந்தால் பொங்கிவிடும் என்று சொல்வாள். எனக்குச் சிரிப்பாக வரும். உப்பளத்தில் எல்லோர் எதிரிலும், “இவ வூட்ல துப்பாக்கி இருக்குது, குண்டு மட்டும் பக்கத்து ஊர்ல இருக்குது” என்று கிண்டல் செய்திருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள், ஆனால் அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தக் கார்த்திகைக்கு வருகிறேன். காலையில் மழை வரும் என்று மட்டும்தான் சொன்னார்கள். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போயிருந்தார். மதியம் கொழுந்தனார் தார்ப்பாயை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று கிளம்பினார். தூக்குப் பாத்திரத்தில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக் கொடுத்தேன். பாத்திரத்தைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்று வழக்கம்போல விரலை ஆட்டி மிரட்டினேன். ஏற்கெனவே இரண்டு தூக்கை ஓடையில் விட்டவர் அவர். ஏதாவது என்றால் போன் செய்கிறேன், போன் வேலை செய்யாவிட்டால் வெளிச்சம் காட்டுகிறேன், இரண்டும் இல்லாவிட்டால் நீ அங்கேயே தூங்கு என்று கையால் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு எல்லாம் மாறிப்போனது. புயல் நம் பக்கம்தான் கரையேறுகிறது, கடைசித் தெருக்காரர்கள் எல்லோரும் இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கரண்ட் போயிற்று. கொழுந்தனாரைக் கூப்பிட நான் போனை எடுப்பதற்குள் டவரும் போயிற்று. நான் பதறவில்லை. சொன்னால் நம்புங்கள், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதற்காகத்தானே டார்ச்சைத் தயாராக வைத்திருக்கிறேன்! துணிமணி, ரேஷன் கார்டு எல்லாம் மூட்டை கட்டி, அதைத் தெருக்காரர்களோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்காக வீட்டிலேயே காத்திருந்தேன், அப்போதுதானே அவர் இந்தப் பக்கம் பார்ப்பார். ஓடைத் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

ஐந்தரை மணி இருக்கும், டின்னைத் திறந்தேன். துணி முடிச்சு ஊறிப்போய்க் கிடந்தது. டின்னின் அடியில் ஒரு விரற்கடை உப்புத் தண்ணீர். டார்ச் பாதி அதற்குள் கிடந்தது. பட்டனைத் தள்ளினேன், எரியவில்லை. அடி மூடியைத் திருகினேன், அசையவில்லை. புடவை முந்தானையைச் சுற்றித் திருகினேன், அம்மிக்குழவியால் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினேன். கடைசியில் மூடி பிய்த்துக்கொண்டு வந்தது, அதோடு சுருள் கம்பியும் துருவாக உதிர்ந்து கையில் விழுந்தது. உள்ளே பேட்டரி மூன்றும் வீங்கி, வெள்ளையும் பச்சையுமாகப் பொங்கி, குழாயோடு ஒட்டிப் போயிருந்தன. விரலெல்லாம் பிசுபிசுத்து எரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இந்த நேரம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து என் பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் வராது. வெளிச்சம் வரவில்லை என்றால் அண்ணி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறாள் என்றுதானே எடுத்துக்கொள்வார்? நான்தானே அப்படிச் சொல்லிவைத்தேன்? ஏறுகிற தண்ணீருக்கு நடுவில் அந்த மனிதரை நானே படுத்துத் தூங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செல்போன் லைட்டை ஆட்டிப் பார்த்தேன், அது மழையில் வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை. கத்திப் பிரயோஜனமில்லை. பாத்தி வரப்பில் இறங்கி நடந்து பார்த்தேன். முதல் திருப்பத்திலேயே இடுப்பு வரை தண்ணீர், வரப்பு எது பாத்தி எது என்று தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. திரும்பிவிட்டேன். ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் ஏரிக்கரை உடையாமல் மணல் மூட்டை அடுக்கப் போயிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எதிர் வீட்டுக்காரி அங்கே ஒரு வகுப்பறையில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் என் கிண்டலுக்குச் சிரித்த அதே பெண்கள். எல்லோர் எதிரிலும் கேட்டேன். “உன் டார்ச்சைக் குடு. என்னது செத்துப்போச்சு. மச்சினர் கொட்டாயில மாட்டிக்கினாரு.”

அவள் என்னை ஒரு தடவைகூட ஏற இறங்கப் பார்க்கவில்லை. பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள், டப்பாவைத் திறந்தாள், காகிதத்தைப் பிரித்து மூன்று பேட்டரியையும் போட்டு மூடியைத் திருகினாள். பட்டனைத் தள்ளினாள். வகுப்பறைச் சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்த நிமிஷமே எரிய வேண்டும் என்று வீராப்பு பேசினேனே, இந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பாய்க்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “வாக்கா, ஓடலாம்” என்று எனக்கு முன்னால் ஓடினாள்.

பின்வாசலுக்கு வந்தபோது நன்றாக மங்கிவிட்டது. மூன்று தடவை காட்டினேன். பதில் இல்லை. மறுபடி மூன்று. பதில் இல்லை. இரண்டு பீடி நேரம் எப்போதோ முடிந்திருக்கும். அவள் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டாள். நான் வேகவேகமாக ஆட்டினதை அவள் நிதானமாகச் செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் இடைவெளி. ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனை தடவை செய்தாள் என்று நான் எண்ணவில்லை. “அழுவாதக்கா, அவரு தூங்கிருக்க மாட்டாரு, இந்தக் காத்துல யாரு தூங்குவாங்க?” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்து அணைந்தது. ஒரே ஒரு தடவை.

அதற்கப்புறம் டார்ச்சை அணைக்கவே இல்லை. ஓடையைத் தாண்டுகிற மதகு இருக்கும் இடத்தைப் பார்த்து வெளிச்சத்தை நிறுத்திவைத்தோம், அவர் அதைக் குறியாக வைத்து வரட்டும் என்று. ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஓடை நடுவில் தண்ணீர் அவர் கழுத்து வரை இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எதையோ பிடித்திருந்தார். கிட்டே வந்ததும்தான் என்னவென்று பார்த்தேன். என்னுடைய தூக்குப் பாத்திரம். கழுத்தளவு தண்ணீரில், ஒரு கையால் நீந்தியாவது வரக்கூடிய இடத்தில், நான் திட்டுவேனே என்று அந்தப் பாத்திரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாத்திரத்தைத் திறந்து காட்டினார், உள்ளே கழுவி வைத்திருந்தார்.

மறுநாள் காற்று ஓய்ந்து வந்து பார்த்தால் கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு கம்பம் நின்றது. உப்புக் குவியல் கரைந்து, தார்ப்பாய் எங்கேயோ போய் முள்ளில் தொங்கியது. மூவரும் பின்வாசலில் நின்று அதைப் பார்த்தோம். நேற்று ஏன் அவ்வளவு தாமதம் என்று கொழுந்தனார் கையால் கேட்டார். வெளிச்சம் வரவில்லை என்று படுத்துவிட்டாராம். தண்ணீர் பாயைத் தொட்டதால் எழுந்து வாசலுக்கு வந்திருக்கிறார், அப்போதுதான் எங்கள் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. நான் உள்ளே போய் அந்த டின்னைக் கொண்டுவந்து காட்டினேன். ஊறிய முடிச்சை எடுத்தார். உள்ளங்கையை இறுக்கிப் பிழிந்து, விரல்களைக் கீழே உதறினார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே செய்தார். எதிர் வீட்டுக்காரியும் சிரித்தாள். எனக்கு அது தேவைதான்.

இப்போது எங்கள் தெருவில் டார்ச் விஷயத்தில் நான்தான் வாத்தியார். விட்டுவிடுவேனா? ரொம்ப நாள் எடுக்க மாட்டோம் என்றால் பேட்டரியை வெளியே எடுத்துத் தனியாக வை, காகிதத்தில் சுருட்டு, இரும்புச் சாமானோடு கலந்து போடாதே, உப்பு என்ற பேச்சையே எடுக்காதே என்று வீடு வீடாகச் சொல்கிறேன். மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்று, பழசோடு புதுசைப் போட்டால் பழசுதான் முதலில் பொங்கும் என்பேன். அங்கங்கே வெள்ளை பூத்திருந்தால் வெறும் கையால் தொடாமல், பழைய துணியால் துடைத்தெடுத்துவிட்டு, அந்தத் துணியையும் தூக்கிப் போடு என்பேன். சார்ஜ் போடுகிற டார்ச் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கட்டை பேட்டரி என்று கேட்கிறவர்களிடம், நாலு நாள் கரண்ட் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு வந்து கேள் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நான் முழங்கும்போது எதிர் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டால் மட்டும் அவள் பக்கம் கையைக் காட்டுவேன்.

ஆனால் டார்ச்சைவிட முக்கியமான ஒன்றை மாற்றினேன். முதலாளி கொட்டகையைத் திரும்பக் கட்டி, கொழுந்தனார் மறுபடி காவலுக்குப் போனபோது, பழைய ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் இரண்டு தடவை வெளிச்சம் காட்டுகிறேன். நல்லா இருக்கிறோம் என்று அர்த்தம். அவரும் இரண்டு தடவை காட்டுவார். மூன்று என்றால் வா. ஒன்றுமே தெரியவில்லை என்றால், அங்கே ஏதோ கெட்டுப்போச்சு, கிளம்பி வந்து பார் என்று அர்த்தம். பேட்டரி தீர்ந்துபோகுமே என்று வீட்டுக்காரர் முனகினார். தீரட்டும். தினமும் எரிந்தால்தான் அது தீர்கிறதா, பொங்குகிறதா என்று நமக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு சர்டிபிகேட்டுக்காக கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டுக்காரியிடம் வெளிச்சம் காட்டச் சொல்ல மறந்துபோனேன். பஸ் தாமதமாகி, நான் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. வாசலில் கொழுந்தனார் நின்றிருந்தார். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தார், பூட்டின கதவைப் பார்த்தார், பிறகு நெஞ்சில் கையை வைத்து அப்பாடா என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உள்ளே போய் டார்ச்சை எடுத்துவந்து, எதிரில் நின்று, இரண்டு தடவை அவர் முகத்திலேயே அடித்துக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். தகவல் எதுவும் இல்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிற பழக்கம் அன்றோடு மிச்சமில்லாமல் என்னை விட்டுப் போயிற்று, இப்போது ஆந்திராவில் லாரி ஓட்டுகிற மனிதருக்கும் தினம் ஒரு போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.